17 வயதான ஏசியும் ஃபர்னஸும்: மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா?

கேள்வி: வீட்டின் மத்திய ஏசிக்கும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸுக்கும் 17 வயதாகிறது. ஃபர்னஸ் இதுவரை தொல்லை தந்ததில்லை. ஏசிக்குக் கடந்த இரண்டு கோடையிலும் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தது. மாடியில் ஒரு படுக்கையறை மட்டும் எப்போதும் புழுக்கம். வந்து பார்த்த டெக்னீஷியன் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உங்கள் ஏசியின் காலம் அநேகமாக முடியப்போகிறது. ஃபர்னஸைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது, திறந்து பார்க்க வேண்டும். மாடி அறையின் புழுக்கத்துக்கும் மெஷினின் வயதுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. இந்த மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள். மூன்றையும் ஒன்றாகக் கட்டி "எல்லாம் பழசு, மாற்றிவிடுங்கள்" என்று சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வயதை வைத்து மட்டும் யாரும் முடிவெடுக்கக் கூடாது. மத்திய ஏசியும், ஏசி போலக் குளிரவைத்து வீட்டைச் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்பும் பொதுவாக 10 முதல் 15 வருடம், எரிவாயு ஃபர்னஸ் 15 முதல் 20 வருடம், தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் அதற்கும் மேல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் ஃபில்டரை ஒழுங்காக மாற்றி, வெளி யூனிட்டின் காயிலை (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) வருடம் ஒருமுறை கழுவி வைத்த மெஷின் இந்தக் கணக்கைத் தாண்டி ஓடும். கடற்கரை உப்புக்காற்றில் நிற்கும் மெஷின் பாதியிலேயே படுத்துவிடும். 17 வயது என்றால், அடுத்த பெரிய பழுது வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கொளுத்தும் வெயிலில் மெஷின் நின்றுபோன அன்றைக்கு முடிவெடுப்பவர்கள், அந்த வாரம் யாரிடம் எந்த மாடல் கையிருப்பில் இருக்கிறதோ அதைத்தான் வாங்குகிறார்கள். அளவு சரியா, டக்ட் (அறைகளுக்குக் காற்று போகும் குழாய்) தாங்குமா என்று பார்க்க அப்போது யாருக்கும் நேரமிருக்காது.

வயதுக்குப் பதிலாக என்ன பார்க்க வேண்டும் என்றால், கெட்டுப்போனது எந்தப் பாகம் என்று பார்க்க வேண்டும்.

ஏசியில் அடிக்கடி போகிறவை சின்னப் பாகங்கள். வெளி யூனிட் உறுமுகிறது, ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான். மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்சான காண்டாக்டர், ஃபேன் மோட்டார் இவையும் அப்படித்தான். ஃபர்னஸ் பற்றி எரிந்து சில நொடிகளில் அணைந்துபோனால் தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃப்ளேம் சென்சாரில் படிந்த அழுக்கு காரணமாக இருக்கலாம், எடுத்துத் துடைத்தால் சரியாகிவிடும். பற்றவே இல்லை என்றால் தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரைப் பாருங்கள். 20 வயது மெஷினிலும் இவற்றைத் தயங்காமல் மாற்றி ஓட்டலாம். கெப்பாசிட்டர் போனதற்காக மொத்த மெஷினையும் மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள்.

மறுபக்கம் கம்ப்ரசர், உள் காயில், ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சர். இந்த மூன்றில் ஒன்று, வாரண்டி முடிந்த பிறகு, 10 வயதைத் தாண்டிய மெஷினில் போனால் நான் மாற்றத்தான் சொல்வேன். கம்ப்ரசர் உள்ளே கருகிப் போயிருந்தால் எண்ணெயில் அமிலம் கலந்து குழாய் முழுக்கப் பரவியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது கம்ப்ரசர் வைத்தால் அதுவும் சீக்கிரம் போகும். அவ்வளவு வேலையும் செய்து முடித்த பிறகு கையில் இருப்பது, புது இதயம் வைத்த பழைய மெஷின்தான்.

ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்று ஒரு பழக்கம் இருக்கிறது. வயதை ரிப்பேர் செலவால் பெருக்கி, விடை ஒரு தொகையைத் தாண்டினால் மாற்று என்று இன்னொரு கணக்கும் உண்டு. குத்துமதிப்புக்கு உதவும். ஆனால் அடுத்து எது போகும் என்பதை இரண்டுமே சொல்லாது. பத்து வயதுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

இப்போது உங்கள் ஏசிக்கு வருவோம். இரண்டு வருடமும் கேஸ் நிரப்பினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான தகவல். ஏசியின் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று மட்டுமே அர்த்தம். ஒழுகும் இடத்தைத் தேடாமல் மறுபடி நிரப்பியவர் அந்தக் கோடையை மட்டும் ஓட்டித் தந்திருக்கிறார். கேஸ் குறைந்த நிலையில் ஓடுகிற கம்ப்ரசர் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் சூடேறுகிறது, அதன் ஆயுளும் அதோடு குறைகிறது.

அதனால் முதல் வேலை, லீக் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வது. எலக்ட்ரானிக் டிடெக்டர், சோப்பு நுரை, நைட்ரஜன் அழுத்தச் சோதனை என்று வழிகள் இருக்கின்றன. சர்வீஸ் வால்வின் உள்ளே இருக்கும் சின்னக் கோர் ஒழுகினால் அதை மாற்றுவது எளிய வேலை. குழாய் இணைப்பில் என்றாலும் பற்றவைத்துவிடலாம். உள் காயிலில் என்றால் கதை வேறு. செம்புக் காயிலில் எறும்புப் புற்றுப் போல நுண்ணிய துளைகள் அரித்துப் போவது உண்டு. ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். 17 வயது காயிலில் லீக் என்றால் அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கூடவே வெளி யூனிட்டின் தகட்டில் எந்த கேஸ் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆர்-22 என்றிருந்தால் முடிவு இன்னும் சுலபம். ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள் என்பதால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஒழிக்கப்பட்டுவரும் கேஸ் அது. வளர்ந்த நாடுகளில் 2020ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிட்டது, மற்ற நாடுகளுக்கு 2030 வரை அவகாசம். பழைய மெஷின்களிலிருந்து மீட்டெடுத்த கேஸ்தான் பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதால் விலை ஏறிக்கொண்டே போகும். ஒழுகும் மெஷினில் அதை ஊற்றுவது வீண்.

ஆர்-410ஏ என்றிருந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. ஓசோனுக்கு அதனால் கேடில்லை. ஆனால் 100 வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016ஆம் ஆண்டில் வந்த கிகாலி திருத்தத்துக்குப் பிறகு அதையும் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். புது மெஷின்களில் ஆர்-32, ஆர்-454பி போன்றவை வருகின்றன. ஆர்-32க்கு அந்த எண் 675. இவை லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை. சரியாக நிறுவினால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இவற்றைக் கையாளப் பயிற்சி எடுத்தவர்தான் நிறுவ வேண்டும். பழைய மெஷினில் இந்தப் புது கேஸை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அந்த மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

ஃபர்னஸ் விஷயத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உயிரைப் பற்றிப் பேச வேண்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது தீயையும் நீங்கள் மூச்சுவிடும் காற்றையும் பிரித்து வைக்கும் மெல்லிய உலோகச் சுவர். ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கான தடவை சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, கடைசியில் அதில் விரிசல் விழலாம். விழுந்தால், எரிந்த புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும் வாய்ப்பு உண்டு. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம், வாந்தி வரும் உணர்வு, இவை வீட்டிலிருக்கும்போது வந்து வெளியே போனால் தெளிந்துவிடுகிறது என்றால் உடனே வெளியேறி ஆளைக் கூப்பிடுங்கள். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி ஆடுகிறதா, உள்ளே கரி படிந்திருக்கிறதா, காற்றைத் தள்ளும் புளோயர் ஓட ஆரம்பித்ததும் சுடர் அலைபாய்கிறதா என்று டெக்னீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். மெஷினை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

விரிசல் இருக்கிறது என்று சொன்னால் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். படத்தைக் கேட்பதில் தவறே இல்லை, நேர்மையானவர் சந்தோஷமாகக் காட்டுவார். சந்தேகம் இருந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அவர் வந்து பார்க்கும்வரை ஃபர்னஸை அணைத்தே வையுங்கள். விரிசல் உண்மை என்றால் வயது, விலை எதையும் பார்க்காமல் மாற்றிவிட வேண்டியதுதான். விரிசல் இல்லை, சுடர் சுத்தமாக எரிகிறது என்றால் 17 வயதானாலும் அதை இன்னும் சில குளிர்காலம் ஓட்டலாம்.

சரி, விரிசல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் ஏசியோடு சேர்த்து ஃபர்னஸை மாற்ற ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் புளோயர் ஒன்றுதான், அது ஃபர்னஸுக்குள் இருக்கிறது. ஏசியின் உள் காயிலும் ஃபர்னஸின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏசியை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஃபர்னஸை மாற்றினால் அதே காயில் இணைப்பை, அதே தகட்டு வேலையை மறுபடி பிரிக்க வேண்டும், கூலி இரண்டு தடவை. ஃபர்னஸுக்கு ஆறேழு வயது என்றால் தொடாதீர்கள் என்பேன். 17 என்றால் இரண்டு விதமாகவும் விலைப்பட்டியல் வாங்கி, வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். ஆனால் வெளி யூனிட்டை மட்டும் புதிதாக்கி உள் காயிலைப் பழையதாகவே விடுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இரண்டும் ஜோடியாக வடிவமைக்கப்பட்டவை. ஜோடி மாறினால் பெட்டியில் எழுதியிருக்கும் திறன் கிடைக்காது, வாரண்டியிலும் சிக்கல் வரும்.

"புது மெஷின் போட்டால் பில் பாதியாகிவிடும்" என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏசியின் திறனைச் சொல்ல எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கிறது. பழையது 10, புதியது 16 என்றால் அதே குளிருக்கு 37.5 சதவீத மின்சாரம் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது குளிரூட்டலுக்கு ஆகும் மின்சாரத்தில் மட்டும். வருட மின்கட்டணத்தில் குளிரூட்டல் மூன்றில் ஒரு பங்குதான் என்றால் மொத்தக் கட்டணத்தில் மிச்சமாவது எட்டில் ஒரு பங்கு. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். ஏசியும் ஹீட்டரும் ஓடாத இதமான மாதத்தின் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு, ஃபிரிட்ஜ், சமையல் எல்லாம் அதற்குள் அடங்கும். கோடை மாதங்களின் பில்லிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் ஏசியின் செலவு.

ஃபர்னஸிலும் இதே மாதிரிதான். எரிபொருளில் எவ்வளவு சதவீதம் வீட்டுக்குள் வெப்பமாக வருகிறது என்பதை ஏ.எஃப்.யூ.இ. என்ற எண் சொல்லும். மிகப் பழைய ஃபர்னஸ்களில் அது 60க்குப் பக்கத்திலும் இருக்கும், உங்கள் ஃபர்னஸின் வயதுள்ளவற்றில் பல 80. புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் வெப்பத்தை மீட்கும் கண்டன்சிங் வகையில் 90க்கு மேல், 98 வரைகூட. 80லிருந்து 95க்குப் போனால் எரிபொருள் 16 சதவீதம் குறையும். 60லிருந்து போனால் 37 சதவீதம். குளிர்காலம் நீளமாகவும் கடுமையாகவும் உள்ள இடத்தில் இது பெரிய தொகை. குளிர் ஓரிரு மாதம் எட்டிப் பார்க்கும் இடத்தில் இதற்காக மட்டும் மாற்றினால் போட்ட பணம் திரும்பாது.

கண்டன்சிங் ஃபர்னஸ் பற்றிப் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. அதன் புகை ஆறிப்போய் வருவதால் பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரில் வெளியேறும், பழைய புகைபோக்கி அதற்குத் தேவையில்லை. இதுவரை அதே புகைபோக்கியை எரிவாயு வாட்டர் ஹீட்டரும் பகிர்ந்துகொண்டிருந்தால், இனி அது தனியாக விடப்படும். அவ்வளவு அகலமான புகைபோக்கியைச் சூடாக்கும் சக்தி அந்தச் சின்ன ஹீட்டருக்கு இல்லாததால் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பலாம். புகைபோக்கிக்குள் அளவான உலோகக் குழாய் இறக்க வேண்டியிருக்கும். விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஏசி போகிற நேரம்தான் ஹீட் பம்பைப் பற்றி யோசிக்க நல்ல நேரம். அது ஏறக்குறைய ஏசியேதான், கேஸ் போகும் திசையைத் திருப்பும் ஒரு வால்வு கூடுதல். கோடையில் வீட்டு வெப்பத்தை வெளியே தள்ளும், குளிர்காலத்தில் வெளி வெப்பத்தை உள்ளே இழுக்கும். மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும். கடுங்குளிரில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில் இறங்கும். லாபமா என்பது உங்கள் ஊர் மின்விலையும் எரிவாயு விலையும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே அலகுக்கு, கிலோவாட் மணிக்கு, மாற்றிப் பாருங்கள். மின்சாரம் எரிவாயுவைப் போல 3 மடங்கு விலை என்றால், 95 சதவீத ஃபர்னஸோடு போட்டியிட ஹீட் பம்ப் சராசரியாக 2.85 பங்காவது தர வேண்டும். உங்கள் ஃபர்னஸ் பரிசோதனையில் தேறிவிட்டால், அதைக் கடுங்குளிர் நாட்களுக்குத் துணையாக வைத்துக்கொண்டு மற்ற நாட்களை ஹீட் பம்பிடம் விடலாம். உங்கள் நிலைமையில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

மாடி அறைக்கு வருகிறேன். டக்ட் ஓட்டைகளிலும் பொருந்தாத இணைப்புகளிலும் ஒரு சாதாரண வீடு 20 முதல் 30 சதவீதக் காற்றை இழக்கிறது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பரணுக்குள் ஓடும் டக்ட் என்றால் நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று ஓட்டுக்கும் கூரைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மாடி அறைக்குப் போகும் கிளை கழன்றிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, அந்த அறையிலிருந்து காற்று திரும்பி வர வழி இருக்கிறதா, அதன் மேலே பரணில் இன்சுலேஷன் போதுமா? இவற்றைப் பார்க்காமல் "பெரிய மெஷின் போட்டால் மாடியும் குளிரும்" என்பது தவறான ஆலோசனை. அளவுக்கு மிஞ்சிய ஏசி சில நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைத் திருப்திப்படுத்தி நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிர்ச்சியாகவும் பிசுபிசுப்பாகவும் ஒரு வீடு கிடைக்கும், மெஷினும் அடிக்கடி நின்று ஓடித் தேய்ந்துபோகும்.

அதனால் பழைய தகட்டில் 4 டன் என்றிருந்தால் புதிதும் 4 டன் என்று எழுதுபவரை நிறுத்திக் கேளுங்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் சக்தி. ஜன்னல் மாற்றியிருக்கலாம், பரணில் இன்சுலேஷன் கூடியிருக்கலாம், முதலில் போட்டவரே தப்பாகப் போட்டிருக்கலாம். அறை அறையாக அளந்து, ஜன்னல் பார்க்கும் திசை, சுவரின் தன்மை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வட அமெரிக்காவில் இதற்கு மேனுவல் ஜே என்ற முறையே இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் விலை சொல்பவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன், அவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஃபில்டரை மாற்றி, வெளிக் காயிலைக் கழுவி, லீக் சோதனையும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். விற்பனைக்கு வருபவரிடம் இல்லாமல், சோதனைக்கென்று தனியாகக் காசு கொடுத்துச் செய்யுங்கள். ஏசி கால் மணி நேரம் ஓடிய பிறகு, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை நீங்களே ஒரு தெர்மாமீட்டரால் பார்க்கலாம். 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் இருந்தால் மெஷின் இன்னும் வேலை செய்கிறது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் கொஞ்சம் குறையும். நன்றாகக் குறைந்திருந்தால் கேஸ் போதவில்லை, அல்லது கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. லீக் வால்விலோ இணைப்பிலோ என்றால் சரிசெய்துகொண்டு இன்னொரு கோடையை ஓட்டலாம், அதற்குள் நிதானமாகத் தேடலாம். காயிலில் என்றால், கேஸ் இன்னும் மிச்சமிருக்கும்போதே, கோடையும் குளிரும் இல்லாத இடைப்பட்ட மாதத்தில் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அப்போதுதான் அவர்களுக்கும் அவகாசம் இருக்கும், விலையிலும் பேச இடமிருக்கும்.

பிராண்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நிறுவுகிற கை பிராண்டைவிட முக்கியம். குழாயை நைட்ரஜன் நிரப்பி அழுத்தம் இறங்குகிறதா என்று சோதித்தாரா, வேக்குவம் பம்பை, குழாய்க்குள் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டினாரா, டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வருகிறதா என்று அளந்தாரா என்பதுதான் அந்த மெஷின் 8 வருடம் ஓடுமா, 15 வருடம் ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும். ஒப்பந்தத்திலேயே இந்த அளவீடுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்த அன்று எடுத்த எண்களைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை ஃபர்னஸின் கதவிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை யாராவது கேஸ் குறைந்திருக்கிறது என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று கேட்க அந்தத் தாள் வேண்டும்.